நிற்கும் இடமும் திரும்பும் நேரமும்

(நம் கிளப் ஹவுஸ் அரங்கில் நடந்த மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், அமெரிக்கா போய்விட்டு வந்திருக்கிறீர்கள், ஒரு இருபது நிமிஷம் பேசுங்கள்" என்றார். நயாகராவைப் பற்றியும் டிஸ்னிலேண்டைப் பற்றியும் இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் என்னைவிட நன்றாகப் பேசுவீர்கள். அதனால் நான் வேறு ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன். பாலைவனத்தில் நடக்கும் கார் பந்தயம். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உள்ள ஒரு ரிட்டயர்டு வங்கி கிளார்க்குக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

காரணம் என் பேரன். அவனுக்கு 11 வயது. மகன் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கிறது. பையன் ரிமோட்டில் ஓடும் ஒரு சின்ன வண்டியை வைத்துக்கொண்டு, வீட்டுத் தோட்டத்தில் கல் அடுக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டிருப்பான். "தாத்தா, இதோட நிஜ ரேஸ் இருக்கு, கூட்டிண்டு போறியா?" என்றான். பேரன் கேட்டால் சரி என்றுதானே வாயில் வரும்.

அந்தப் பந்தயத்தின் பெயர் கிங் ஆஃப் தி ஹாமர்ஸ். கலிபோர்னியாவில், மொஹாவே பாலைவனத்தில், ஜான்சன் வேலி என்ற இடத்தில் நடக்கிறது. அங்கே பாறை நிறைந்த கணவாய்கள் பல. ஜாக்ஹாமர், ஸ்லெட்ஜ்ஹாமர் என்று சுத்தியல் பெயர்கள் வைத்திருப்பதால்தான் பந்தயத்துக்கும் அந்தப் பெயர். டேவ் கோல், ஜெஃப் நோல் என்ற இருவர் தொடங்கியது. 2007இல் 12 அணிகள் மட்டும் கூடிப் பார்த்தார்கள். இப்போது ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி தொடக்கத்திலும் அந்த வறண்ட ஏரிப் படுகையில் ஹாமர்டவுன் என்று ஒரு தற்காலிக ஊரே எழும்புகிறது. பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். பந்தயம் முடிந்தால் ஊரும் கலைந்துவிடும்.

பந்தயத்தில் இரண்டு பகுதி. ஒன்று, திறந்த பாலைவனத்தில் மணிக்கு 160 கிலோமீட்டரையும் தாண்டிப் பறப்பது. மற்றது, ஃபிரிட்ஜ் அளவுப் பாறைகள்மேல் நடை வேகத்தில் ஏறுவது. இரண்டையும் ஒரே வண்டி செய்ய வேண்டும். பெரிய பந்தயத்தில் தொடங்கியவர்களில் பாதிப் பேர்கூட முடிப்பது அபூர்வம். இரண்டிரண்டு வண்டியாக இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். முதலில் வந்து சேர்பவர்தான் ஜெயித்தவர் என்று நினைக்காதீர்கள், நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் முடிவு.

இனி நாங்கள் திட்டம் போட்ட கதை. நான் பல வருஷம் ஹெட் கேஷியராக இருந்தவன். வங்கியில் கேஷ் சேஃப்புக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஜாயின்ட் கஸ்டடி என்போம். அந்தப் பழக்கத்தில் நான் ஒரு விதி வைத்தேன். நான்கு விஷயத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். அங்கே போனபிறகு எதையாவது மாற்றுவதென்றால் நானும் என் மனைவியும் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மகன் சிரித்தான். ஆனால் கையெழுத்துப் போட்டான்.

முதல் விஷயம், இரவு எங்கே தங்குவது. பெரும்பாலானவர்கள் அங்கேயே கூடாரமோ வண்டியோ போட்டுத் தங்குகிறார்கள். மகனுக்கும் அதுதான் ஆசை. பிப்ரவரியில் பகலில் நம்ம கொடைக்கானல் மாதிரி இருக்கும், இரவில் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும், காற்றும் பலமாக அடிக்கும். நான் இன்சுலின் போடுபவன். இன்சுலினை வெயிலில் வைக்கக் கூடாது என்று நமக்கெல்லாம் தெரியும். உறைந்துபோன இன்சுலினையும் பயன்படுத்தக் கூடாது, தூக்கி எறிய வேண்டும். இது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அதனால் யக்கா வேலி என்ற ஊரில் ஒரு மோட்டலில் அறை எடுத்தோம். அங்கிருந்து 247ஆம் நெடுஞ்சாலையில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். மாதக்கணக்கில் முன்னால், ரத்து செய்ய வசதி உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டாவது, எந்த வண்டியில் போவது. நெடுஞ்சாலையை விட்டதும் மண் பாதை. வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம் என்றான் மகன். நான் ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. பல வாடகை ஒப்பந்தங்களில் இது இருக்கிறது. மீறி ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். கடைசியில் வருஷா வருஷம் போகும் மகனுடைய அலுவலக நண்பர் ஒருவரின் பிக்அப் வண்டியில் தொற்றிக்கொண்டோம். பயண இன்சூரன்ஸையும் அப்படியே படியுங்கள். பந்தயத்தில் கலந்துகொள்வது வேறு, வேடிக்கை பார்ப்பது வேறு. பழைய நோய்களுக்கு உண்டா இல்லையா என்பதையும் சேர்த்து, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எங்கே நிற்பது. இதற்குத்தான் எங்கள் வீட்டில் சண்டை. மகனுக்குப் போட்டோ எடுக்கும் ஆசை. கிட்டே போனால்தான் படம் நன்றாக வரும் என்றான். நான் அவனுக்கு ஒரு பழைய செய்தியைப் படித்துக் காட்டினேன். 2010 ஆகஸ்ட் 14. இதே ஜான்சன் வேலியில் கலிபோர்னியா 200 என்ற வேறொரு பந்தயம். பொழுது சாயும் வேளை. ஒரு மேட்டைத் தாண்டிக் குதித்த வண்டி நிலைதவறி உருண்டு, பாதையை ஒட்டி நின்ற கூட்டத்துக்குள் புகுந்தது. எட்டுப் பேர் இறந்துபோனார்கள். நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. வண்டியை ஓட்டியவர் பிழைத்துக்கொண்டார். அவருக்கு ஹெல்மெட், பெல்ட், சுற்றிலும் இரும்புக் கூண்டு எல்லாம் இருக்கிறது. வேடிக்கை பார்ப்பவனுக்கு அவன் நிற்கும் தூரம் மட்டும்தான் பாதுகாப்பு. மகன் மறுபேச்சுப் பேசவில்லை.

அதன்பின் நாங்கள் எழுதியது இது. வேகப் பகுதியில் பாதையிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி நிற்பது. வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதிருப்பது. மேடு தாண்டி வண்டி வந்து இறங்கும் இடத்துக்கு எதிரே நிற்காதிருப்பது. பாறைப் பகுதியில் வண்டிக்குக் கீழே நிற்கவே கூடாது, உருண்டால் கீழேதான் வரும். மாட்டிக்கொண்ட வண்டியை வின்ச் கம்பியால் இழுக்கும்போது, அந்தக் கம்பி எவ்வளவு நீளமோ அதைவிட அதிகத் தூரம் விலகிவிட வேண்டும், அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். கயிறு கட்டியிருந்தாலும் ஊழியர் சொன்னாலும் எதிர்க்கேள்வி கிடையாது. இன்னொன்றையும் பேரனிடம் படித்துப் படித்துச் சொன்னோம். பக்கத்திலேயே மரைன் படையின் பயிற்சித் தளம். பள்ளத்தாக்கின் ஒரு பகுதியை அவர்களும் பயன்படுத்துகிறார்கள். தரையில் கிடக்கும் எந்த உலோகப் பொருளையும் தொடக் கூடாது.

நான்காவது, எத்தனை மணிக்குத் திரும்புவது. பிற்பகல் 3 மணி என்று எழுதினோம். இருட்டுமுன் தார்ச் சாலைக்கு வந்துவிட வேண்டும் என்பது கணக்கு.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், எலுமிச்சை சாதம், சப்பாத்தி, தக்காளித் தொக்கு, காதுக்குப் பஞ்சு, கம்பளிக் குல்லாய், என்95 மாஸ்க் எல்லாம் எடுத்துக்கொண்டோம். செல்போனை நம்பாமல், தொலைந்துபோனால் எங்கே சந்திப்பது என்றும் பேசி வைத்துக்கொண்டோம்.

பந்தய நாள் காலை கிளம்புவதைப் பார்த்தோம். அப்புறம் சாக்லேட் தண்டர் என்ற பாறைச் சரிவுக்குப் போனோம். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் நடை. மேலே பாதுகாப்பான இடம் பார்த்து உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது, பக்கத்து சீட்காரர் குதித்து இறங்கிக் கம்பியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார், பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. பேரன் ஒவ்வொரு வண்டியின் பெயரையும் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்த சுவாரஸ்யத்தில் 12.30க்குச் சாப்பிட வேண்டிய நான் 2 மணி வரை சாப்பிடவில்லை.

கை நடுங்கியது. அந்தக் குளிரில் வேர்த்தது. பரபரப்பு என்று நினைத்துக்கொண்டேன். என் மனைவி ஏதோ கேட்டாளாம், நான் பதில் சொல்லவில்லையாம். அவளுக்குப் புரிந்துவிட்டது. குளுக்கோஸ் பொட்டலம் பட்டியலில் இருந்தது, எடுத்தும் வந்திருந்தோம். ஆனால் அது வண்டியில் இருந்த பையில்! சாப்பாடும் அங்கேதான். மகன் பாறைகள்மேல் ஓடினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தது. மகன் மீட்டரோடு வந்து பார்த்தபோது, ஜூஸ் குடித்த பிறகும் 58தான் காட்டியது. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தேன்.

மணி 2.45. எனக்குச் சரியாகிவிட்டது. பேரன் மெதுவாகக் கேட்டான், "தாத்தா, இப்பதான் லீடர் வரப்போறார், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கலாமா?" அவன் முகத்தைப் பார்த்து நான் சரி என்று சொல்லியேவிட்டேன். என் மனைவி, "என் சாவியைத் தர மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான், யாரும் வாதாடவில்லை. 3 மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். பேரன் யக்கா வேலி வரும்வரை யாரோடும் பேசவில்லை. அறைக்கு வந்து, போனில் நேரடி ஒளிபரப்பில் கடைசிக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "தாத்தா, கை நடுங்கறதா?" என்று கேட்டான். அதற்குள் நடுக்கம் நின்றிருந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டேதான் பார்த்தான்.

இவ்வளவு திட்டம் போட்டும் நான் செய்த தப்பு ஒன்று. மருந்தை எடுத்துக்கொண்டேன் என்று டிக் போட்டேன், எங்கே இருக்கும் என்று எழுதவில்லை. சேஃபுக்குள் பணம் இருக்கிறது என்பதால் கவுன்ட்டரில் பணம் இருக்கிறது என்று ஆகிவிடுமா? குளுக்கோஸ் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். இன்னொன்று துணைக்கு வருபவரிடம் இருக்கட்டும். பாலைவனம் வரை போக வேண்டாம், நம்ம ஊர்த் தேரோட்டத்துக்குப் போனாலும் இதே விதிதான்.

கடைசியாக ஒன்று. அந்தப் பக்கத்து மண்ணில் வேலி ஃபீவர் என்ற நோயைத் தரும் ஒரு பூஞ்சை உண்டு. தூசியோடு நுரையீரலுக்குப் போகும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது தீவிரமாகலாம். அறிகுறி தெரிய ஒன்று முதல் மூன்று வாரம்கூட ஆகும், அதற்குள் நாம் இந்தியா திரும்பியிருப்போம். திரும்பிய பின் இருமலும் காய்ச்சலும் விடாமல் இருந்தால், கலிபோர்னியா பாலைவனத்துக்குப் போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் அது தோன்றாது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மாஸ்க் போட்டிருந்தேன்.

இந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளிடம் போகிறவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். எங்கள் பட்டியலின் நகலை அசோசியேஷன் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். "சட்டைப் பையில்" என்ற வரியைச் சிவப்பு மையில் சேர்த்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் கேட்டால் போய்விட்டு வாருங்கள். அடுத்த தடவை லீடர் வரும்வரை இருக்கலாம் என்று நான் அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். திரும்பும் நேரத்தை 4 மணி என்று மேசையிலேயே எழுதிவிட்டால் போகிறது. அதற்குப் பாட்டியின் கையெழுத்துதான் இன்னும் பாக்கி.