ஷவர் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால்
(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். கேசரி ஆறிவிடும் என்று காதோடு எச்சரித்தும் இருக்கிறார். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் குடியிருப்புக்கு 25 வயது ஆகிவிட்டது. இரும்புக் குழாய்கள் துருப்பிடித்துவிட்டதால் ஒவ்வொரு வீடாக பாத்ரூமை இடித்துக் கட்டுகிறார்கள். எல்லோரும் முதலில் செய்கிற காரியம் ஷோரூமுக்குப் போவது. அங்கே ஒரு பெரிய தட்டு ஷவர் மழை மாதிரி கொட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒரு பம்ப் ஓடுவது நமக்குத் தெரியாது. நம் வீட்டில் இருப்பதோ மொட்டை மாடித் தொட்டி.

தொட்டித் தண்ணீர் ஷவரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி என்பது சுமார் 3 மீட்டர். ஆகவே மேல் மாடிக்காரர்களுக்கு 0.3 பார் வந்தாலே பெரிது. இரண்டு மாடி கீழே இருப்பவர்களுக்கு 0.9 வரை வரும். அதே ஷவர் கீழ் வீட்டில் மழையாகப் பெய்யும், மேல் வீட்டில் தாழ்வாரத்து ஓடு சொட்டுகிற மாதிரி சொட்டும். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இப்போதுள்ள ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அந்தக் குழாயின் கீழே 10 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனால் 12 அங்குலத் தட்டை மறந்துவிடுங்கள். 4 அங்குலத் தலையும் ஒரு கை ஷவரும் போதும், தண்ணீர் உடம்பில் படுவது தெரியும். சிலர் தங்கள் வீட்டுக்கு மட்டும் பம்ப் வைத்துக்கொள்கிறார்கள். பொதுவாக இறங்கும் குழாயிலிருந்து நேரடியாக இழுத்தால் பக்கத்து வீட்டுக்குக் காற்றுதான் வரும். அந்தச் சண்டை போன கோடையிலேயே ஒரு முறை நடந்துவிட்டது, மறுபடி வேண்டாம்.

அடுத்தது கீசர். 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 17 நிமிடம் எடுக்கும். அதைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்கு விளாவினால் மொத்தம் 40 லிட்டர். இது ஏட்டுக் கணக்கு, நிஜத்தில் கொஞ்சம் குறையும். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் ஷவரில் மூன்று நிமிடத்துக்கு மேல் கொஞ்சம்தான் வரும், சோப்பு நுரையோடு நிற்கும்போது ஜில்லென்று மாறும். 6 லிட்டர் ஷவர் என்றால் ஆறரை நிமிடம் வரும். ஷவரையும் கீசரையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். கேஸ் கீசரை பாத்ரூமுக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். மூடிய அறையில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

திருகும் இடத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பிளம்பர் ஷவருக்கு நேர் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். திறந்தவுடன் குளிர்ந்த தண்ணீர் தலையில் விழும். கதவுப் பக்கமாக, கை எட்டும் இடத்தில், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் சுவரில் ஓடும் குழாய்களை, பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோ வேண்டியிருக்கும்.

இனி ஒழுகல். இந்தச் சங்கத்துக்கு வரும் புகார்களில் பாதி இதுதான் என்று செயலாளர் சொல்கிறார். டைல்ஸும் அதன் இடுக்கில் பூசும் கலவையும் தண்ணீரைத் தடுக்காது. அடியில் பூசும் வாட்டர்புரூஃப் பூச்சுதான் தடுக்கும். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டினால் ஒழுகல் போகாது, மூடப்படும், அவ்வளவுதான். பூச்சு தரையோடு நிற்கக் கூடாது. சுற்றிலும் சுவரில் ஓர் அடி, ஷவர் சுவரில் ஆறடி ஏற வேண்டும். குழாய் தரையைத் துளைத்து இறங்கும் இடத்தில்தான் முதலில் கசியும், அங்கே நின்று பாருங்கள். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார், அவருக்கு இரண்டு நாள் வேலை நிற்கும். முணுமுணுக்கட்டும். கீழ் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அவர் வீட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் பிற்பாடு பேச்சு வராது. ஷவர் பகுதியில் சரிவு, அடிக்குக் கால் அங்குலம். டைல்ஸ் போட்ட பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கதவைப் பற்றி. நம் கட்டடத்தில் பெரும்பாலான பாத்ரூம் கதவுகள் உள்பக்கம் திறப்பவை. போன மழைக்காலத்தில் நம் பிளாக் மாமி ஒருவர் குளிக்கும்போது வழுக்கி, கதவில் சாய்ந்தபடியே விழுந்துவிட்டார். தாழ்ப்பாள் போடவில்லை. ஆனாலும் உள்ளே தள்ளித் திறக்க முடியவில்லை, தள்ளினால் அவர் இடுப்பில்தான் இடிக்கும். தச்சர் வந்து கதவைக் கீலோடு பெயர்த்து எடுக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. நம்மில் பலர் வெளியே நின்று அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாத்ரூமை இடிக்கும்போது கதவை வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றுவதற்கு ஆகும் கூடுதல் செலவு பெரிதல்ல. வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் தாழ்ப்பாளும் கிடைக்கிறது.

தரைக்குப் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பான சின்ன டைல்ஸ் போடுங்கள். இடுக்குகள் அதிகம் இருந்தால் கால் பிடிக்கும். நமக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுவிடாத வீடுகள் இங்கே நிறைய. எண்ணெய்யும் சீயக்காயும் சேர்ந்த தரையில் எந்த டைல்ஸும் வழுக்கத்தான் செய்யும். கைப்பிடிக் கம்பியை இரண்டே முக்கால் முதல் மூன்றடி உயரத்துக்குள், செங்கல்லில் ஆழமாக இறங்கும் போல்ட்டில் மாட்டுங்கள். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கம்பியை நம்பாதீர்கள். உட்கார ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல் திண்ணை கட்டிவிடுங்கள். வாளிக் குழாயை எடுத்துவிடாதீர்கள். தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் மே மாதத்தில் ஷவர் அலங்காரப் பொருள், குளிப்பது வாளியில்தான்.

பின்வரிசையிலிருந்து கண்ணாடித் தடுப்பு போடலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், டஃபண்ட் கண்ணாடி, 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல். ஆனால் நம் போர் தண்ணீரின் உப்பு இரண்டே மாதத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். தினமும் குளித்து முடித்தவுடன் ரப்பர் வைப்பரால் இழுத்துவிட வீட்டில் யார் தயார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் கை தூக்கவில்லை என்றால், ஒரு பிளாஸ்டிக் திரை போதும். அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம்.