பெண் மருத்துவர்கள்: சமுதாயம் செலுத்த வேண்டிய கடன்

 

 

நம் வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டதும் மருத்துவமனைக்கு விரைகிறோம். உள்ளே நுழைந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "லேடி டாக்டர் இருக்கிறாரா?" என்பதுதான். அது தவறான கேள்வியன்று. ஈமானின் ஒரு கிளையாகிய வெட்கத்திலிருந்து பிறக்கும் கேள்வி. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வியும் அடங்கியிருக்கிறது. அந்த லேடி டாக்டர் யார் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும்? நம் பெண்ணுக்குப் பெண் மருத்துவர் வேண்டும். ஆனால் நம் பெண் மருத்துவராக வேண்டியதில்லை என்று ஒரு சமுதாயம் எண்ணுமானால், அது நியாயமாகுமா?

பெண்கள் மருத்துவம் செய்வது நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்து நரம்பு அறுபட்டது. அவர்களை அருகிலிருந்தே நலம் விசாரிப்பதற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு கூடாரத்தில் தங்க வைத்தார்கள். அங்கே காயங்களுக்கு மருந்திட்டவர்கள், அஸ்லம் கோத்திரத்தைச் சேர்ந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி. ஒரு பெண்ணின் மருத்துவக் கூடத்திற்கு அல்லாஹ்வின் பள்ளியிலேயே இடம் தரப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்!

உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் நபிகளாருடன் ஏழு போர்களுக்குச் சென்று காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்ததையும், நோயாளிகளைப் பராமரித்ததையும் தாமே அறிவித்துள்ளார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் இத்தகைய சேவையை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பிற்காலத்தில் அந்தலூஸ் நாட்டின் புகழ்பெற்ற இப்னு ஸுஹ்ர் மருத்துவக் குடும்பத்தில் ஆண்களோடு பெண்களும் மருத்துவ மேதைகளாக விளங்கினர். அபூபக்ர் இப்னு ஸுஹ்ரின் சகோதரியும், அவருடைய மகளும் பெண்களுக்கான சிகிச்சையில் தேர்ந்தவர்கள் என வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ எழுதியுள்ளார்.

சகோதரர்களே! மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்பது இமாம்களின் தீர்ப்பு. தேவையான அளவுக்குச் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் மீதுள்ள பொறுப்பு நீங்கும். ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாவர். ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா' நூலில் தம் காலத்து நிலை கண்டு வருந்துகிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. பிற சமயத்தவரையே நாட வேண்டியுள்ளது. அப்படியிருந்தும் எல்லோரும் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்த துறைக்கே ஓடுகிறார்களே என்பது அவர்களின் ஆதங்கம்.

இந்தக் கடமையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்க மருத்துவர் பணியாற்றினார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். அவர்கள் மருத்துவரை அழைக்கவில்லை; மருத்துவமே படித்திராத அவருடைய இளம் மகள் ஐடாவை அழைத்தார்கள். "என் தந்தை வருவார்" என்று அவர் சொல்லியும், அந்நிய ஆண் வேண்டாமெனத் திரும்பிச் சென்றார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள். மூவரில் ஒருவர் முஸ்லிம் பெண்மணி.

அந்த இரவு ஐடா ஸ்கடரை மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். அதுவே இன்றைய வேலூர் சி.எம்.சி. அவருக்கு முன்னரே, மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, திரைக்குள் வாழும் பெண்கள் மருத்துவமின்றி மடிவதைக் கேள்வியுற்று, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு மாணவியருள் ஒருவரானார். 1885-இல் அவர் முயற்சியில் உருவானதே, நம் முன்னோர் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றழைத்த, திருவல்லிக்கேணியின் இன்றைய கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை.

மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்பது நபிமொழியின் கருத்து. எனவே, நம் தாய்மாரின் உயிரையும் மானத்தையும் ஒருசேரக் காத்த இப்பெண்மணிகளுக்கு நாம் நன்றி பாராட்டியே ஆக வேண்டும். அதே வேளையில், நம் பெண்களின் கோஷாவைப் பேண எங்கிருந்தோ ஒருவர் வர வேண்டியிருந்ததே என்று வெட்கப்படவும் வேண்டும்.

ஒரு மஸ்அலாவை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குப் பெண் மருத்துவரே முதன்மையானவர். அவர் கிடைக்காதபோது, தேவையான அளவோடு நிறுத்திக்கொண்டு, தனிமை ஏற்படாதவாறு ஆண் மருத்துவர் சிகிச்சையளிக்க மார்க்கம் அனுமதிக்கிறது. 1993-இல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் கழகமும் இவ்வாறே முடிவு செய்தது. ஆகவே, "ஆண் டாக்டர் தொடக் கூடாது" என்று சொல்லி ஒரு பெண்ணைச் சாக விடுவது பேணுதலன்று, பெரும் பாவம். ஓர் உயிரை வாழ வைப்பதை மனித குலம் முழுவதையும் வாழ வைப்பதற்கு ஒப்பாகத் திருக்குர்ஆன் (5:32) மதிக்கிறது அல்லவா?

நம் சமுதாயத்திலும் முன்மாதிரிகள் உண்டு. ஸொஹ்ரா பேகம் காஜி என்ற பெண்மணி டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் 1935-இல் பட்டம் பெற்று, வங்காள முஸ்லிம் பெண்களுள் முதல் மருத்துவரானார். பின்னர் டாக்காவில் பல்லாண்டு காலம் தாய்மாருக்குச் சேவை செய்து 2007-இல் மறைந்தார். இன்று நம் ஊர்களிலும் பெண் மக்கள் மருத்துவம் பயில்கின்றனர், அல்ஹம்து லில்லாஹ்! ஆனால் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்ற மகளை, "இவ்வளவு படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது" என்று நிறுத்துவோரும் இருக்கிறார்கள். டாக்டர் மருமகள் என்று பெருமையோடு நிக்காஹ் செய்து, பிறகு, "வேலைக்குப் போக வேண்டாம்" என்று ஸ்டெதஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் செய்வோரும் இருக்கிறார்கள். அது அவளுடைய பட்டம் மட்டுமன்று, சமுதாயத்தின் அமானிதம்.

பெற்றோர்களே! தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் சட்டமாகியுள்ளது. இவற்றை அறிந்து, மகளுக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே வழிகாட்டுங்கள். மஹல்லா நிர்வாகிகளே! தகுதியுள்ள ஏழை மாணவியின் நீட் பயிற்சிக்கும் படிப்புக்கும் பைத்துல்மாலிலிருந்து உதவுங்கள். கணவன்மார்களே! இரவுப் பணி முடிந்து திரும்பும் மனைவிக்கு வீட்டு வேலையில் கைகொடுங்கள். வீட்டு வேலைகளில் உதவுவது நம் நபியின் சுன்னத். மருத்துவம் பயிலும் மகள்களே! ஹயாவும் தொழுகையும் உங்கள் அணிகலன்களாகட்டும். வரும் நோயாளி எச்சமயத்தவரானாலும், ஏழையானாலும், உங்கள் கனிவு ஒன்றாகவே இருக்கட்டும்.

பெண் மருத்துவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது நல்லதுதான். அதைவிடச் சிறந்த கண்ணியம், அவர்களின் வரிசையில் நம் மகள் ஒருத்தியைக் கொண்டுபோய் நிறுத்துவது.

வல்ல ரஹ்மான் நம் பெண் மக்களைப் பயனுள்ள கல்வி பெற்றவர்களாக, உயிர் காக்கும் கரங்களாக ஆக்கியருள்வானாக! பிரசவத்தில் உயிர் நீத்த நம் தாய்மார்களுக்கு ஷஹாதத்தின் அந்தஸ்தை வழங்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.