நான்கு பக்க வியாசமும் மேற்கோள் கணக்கும்



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியோ இளங்கோவைப் பற்றியோ பேசுவது சம்பிரதாயமாக இருக்க, மனநோய்க்கு மருந்து கண்ட ஒரு வைத்தியரின் ஆராய்ச்சி வியாசங்களையும், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டார்கள் என்னும் கணக்கையும் விஷயமாக எடுத்துக்கொண்டதற்கு நீங்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். மருத்துவ நூலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவனாகையால், வியாசங்களைக் காட்டிலும் அவற்றின் அடிக்குறிப்புகளையே அதிகமாகப் படித்துப் பழகியவன் நான். அன்றியும், நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் ஆராய்ச்சித் துறைக்குப் போகத் தொடங்கிய பிறகு, 'எச் இண்டெக்ஸ்' என்னும் சொல் கல்யாணப் பேச்சில்கூட அடிபடக் கேட்கிறேன். சம்பளத்தை விசாரித்த சம்பந்திகள் இப்போது அதையும் விசாரிக்கிறார்கள்!

நான் சொல்லப்போகிறவர் நாம் குடியிருக்கும் இந்த விக்டோரியா மாநிலத்தவர். டாக்டர் ஜான் கேட், 1912-ஆம் ஆண்டு முர்ட்டோவா என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையாரும் மனநோய் மருத்துவமனைகளில் பணியாற்றிய வைத்தியராகையால், பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று உலகம் அஞ்சி ஒதுங்கிய அந்த மதில்களுக்குள்ளேயே ஓடி விளையாடி வளர்ந்த பிள்ளை. இரண்டாம் உலக யுத்தத்தில் 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். திரும்பியதும் மெல்போர்ன் நகரின் வடபுறத்தில், பண்டூரா என்னுமிடத்தில், போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கென இருந்த மனநோய் மருத்துவமனையில் வேலை ஏற்றார். இன்று ஓவியக் காட்சிக்கூடமாக விளங்கும் பண்டூரா ஹோம்ஸ்டெட் என்னும் பழைய மாளிகை அந்த மருத்துவமனையைச் சேர்ந்ததே. நம்மில் பலர் அதன் வாசலைத் தாண்டித்தான் தினமும் போய் வருகிறோம்.

அங்கே ஆராய்ச்சிச்சாலை என்று ஒன்று இல்லை. உபயோகத்தில் இல்லாத ஒரு சமையற்கட்டு உக்கிராண அறைதான் அவருக்கு ஆராய்ச்சிச்சாலை. நோயாளிகளின் சிறுநீர்ப் புட்டிகளுக்கு இடமோ வீட்டுக் குளிர்ப்பெட்டி. வெறிகொண்ட நோயாளியின் உடம்பில் ஏதோ ஒரு நச்சுப்பொருள் மிகுந்திருக்க வேண்டும் என்பது அவர் அனுமானம். அதனைச் சோதிக்கச் சிறுநீரைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி வழியாக ஏற்றிப் பார்த்தார். அதிலுள்ள யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்குத் தோதான உப்பைத் தேடிப் போனபோது லித்தியம் கைக்கு அகப்பட்டது. லித்தியம் ஏற்றிய இரண்டு மணி நேரத்திற்குள் அந்தப் பிராணிகள், சாதாரணமாகத் தொட்டாலே துள்ளுபவை, மல்லாக்கக் கிடத்தினாலும் திமிறாமல் சாந்தமாகக் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அவருடைய அனுமானம் பிற்காலத்தில் நிலைக்கவில்லை. கினிப்பன்றிகளின் அந்தச் சாந்தமே நஞ்சின் வேலையாக இருந்திருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. ஆனால் அவர் அந்த உப்பை முதலில் தாமே விழுங்கிப் பார்த்து, அபாயமில்லை என்று தேறிய பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்தார் என்பதை மட்டும் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

முதல் நோயாளியை, டாக்டர் கேட் பின்னர் எழுதிய வியாசம் டபிள்யூ.பி. என்னும் முதலெழுத்துகளால் மட்டும் சுட்டுகிறது. ஐம்பத்தொரு வயது, ஐந்து ஆண்டுகளாக ஓயாத வெறி, வார்டிலேயே மிகவும் தொல்லை கொடுப்பவர் என்று பெயர். 1948 மார்ச் 29-ஆம் தேதி மருந்து ஆரம்பமாயிற்று. மூன்று வாரத்தில் தேறி வரும் நோயாளிகளின் வார்டுக்கு மாற்றப்பட்டார். ஜூலை மாதம் வீடு சென்று, பழைய உத்தியோகத்திலும் அமர்ந்தார். பிறகு மருந்தைத் தாமாகவே நிறுத்தியதால் நோய் திரும்பி, மறுபடியும் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தார். வெறிநோயாளர் பத்துப் பேர், மனச்சிதைவு நோயாளர் ஆறு பேர், மனச்சோர்வு நோயாளர் மூன்று பேர் ஆகியோரின் விருத்தாந்தங்களைத் தொகுத்து, 1949 செப்டம்பர் 3-ஆம் தேதி 'மெடிக்கல் ஜர்னல் ஆஃப் ஆஸ்திரேலியா' பத்திரிகையில் நான்கே பக்கங்களில் டாக்டர் கேட் பிரசுரித்தார். கோஷ்டி பிரித்து ஒப்பிடும் பரிசோதனையோ, புள்ளிவிவர அட்டவணைகளோ அதில் இல்லை. படுக்கையருகே நின்று கண்டதைக் கண்டபடி எழுதிய எழுத்து. அப் பத்திரிகையின் நெடிய சரித்திரத்தில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட வியாசங்களின் வரிசையில் இன்று அதற்கு இடமுண்டு.

இனிக் கணக்கிற்கு வருவோம். மேற்கோள்களை முறையாக எண்ணும் பழக்கம் ஃபிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜீன் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்ட விஞ்ஞான மேற்கோள் அட்டவணையால் நிலைபெற்றது. வியாசம் வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே எண்ணுபவர் வந்தார் என்பது இதன் பொருள். நூலகத்துக்கும் நூல்களுக்கும் கணிதத்தைத் துணையாகக் கொள்ளலாம் என்று அதற்கும் முன்பே, 1948-இல், இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பா நகரத்து மகாநாட்டில் யோசனை கூறியவர் நம் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக உயர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் என்பதை நூலகத் தொழிலைச் சேர்ந்தவன் என்ற உரிமையோடு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். புத்தகம் அலமாரியில் இருப்பதைவிட வாசகன் கையில் இருப்பதையே நூலகத்தின் இலட்சணமாகக் கொண்ட அந்த மனிதர், எண்ணிக்கையை மனிதர்களுக்குப் பட்டம் கட்டுவதற்காக அன்று, பணி செய்வதற்காகவே விரும்பினார்.

சம்பந்திகள் விசாரிக்கும் எச் எண், கலிபோர்னியாவின் பௌதிகப் பேராசிரியர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் வகுத்தது. ஒருவருடைய வியாசங்களில் இருபது, ஒவ்வொன்றும் இருபது தடவையாவது மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய எண் இருபது. ஒரே ஒரு வியாசம் எழுதியவருக்கு, அது ஆயிரம் தடவை மேற்கோள் பெற்றாலும், எண் ஒன்றுதான். பண்டூரா வியாசத்தை மட்டும் வைத்துத் தராசில் நிறுத்தினால், உலகத்தின் மனநோய் வைத்தியத்தையே திருப்பிவிட்ட எழுத்துக்கு மதிப்பு ஒன்று. டாக்டர் கேட் வேறு வியாசங்களும் நூல்களும் எழுதியிருக்கிறார். ஆனால் நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்தவர் அல்லர்.

அந்த மேற்கோள்கள் எப்படி வந்தன என்பதுதான் எனக்கு எண்ணிக்கையைக் காட்டிலும் ருசியாகத் தோன்றுவது. வியாசம் வெளிவந்த அதே 1949-இல், அமெரிக்காவில் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் குளோரைடைத் தாராளமாக உட்கொண்ட இருதய நோயாளிகள் சிலர் இறந்தார்கள். அரசாங்கம் அதைச் சந்தையிலிருந்து அகற்றியது. 1950-இல் டபிள்யூ.பி.யும் லித்தியத்தின் நஞ்சாலேயே இறந்தார். மனமுடைந்த டாக்டர் கேட் அம் மருந்தைத் தாமே கைவிட்டார். சாதாரண உப்புக்குக் காப்புரிமை கிடையாதாகையால், விளம்பரம் செய்து நடமாட விட எந்த மருந்து நிறுவனமும் முன்வரவில்லை. பெயர் தெரியாத வைத்தியர், ஆராய்ச்சிப் பயிற்சி இல்லாதவர், சின்ன ஆஸ்பத்திரியில் பழைய சாமான்களை வைத்துக்கொண்டு செய்த வேலையை யார் மதித்திருக்கப் போகிறார்கள் என்ற கருத்தில் பிற்காலத்தில் அவரே எழுதினார்.

மதித்தவர்கள் சிலர் இருந்தார்கள். இதே மெல்போர்னில் நோவாக், டிராட்னர் என்னும் இருவர், இரத்தத்தில் லித்தியத்தின் அளவை அளந்தறியும் வழியைக் கைக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தை 1951-இல் வெளியிட்டார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மயிரிழை போன்றது என்பதும், அளந்து கொடுத்தால் அந்த இடைவெளியில் பத்திரமாக நடக்கலாம் என்பதும் அதனால் விளங்கின. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தை அடுத்த ரிஸ்கோவ் மருத்துவமனையில் இருந்த மோகன்ஸ் ஷௌ, தம் பேராசிரியர் ஸ்ட்ரோம்கிரன் எடுத்துக்காட்டியதன் பேரில் ஆஸ்திரேலிய வியாசங்களைப் படித்து, நோயாளிக்கு எதைக் கொடுப்பது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்து, பாரபட்சத்துக்கு இடமில்லாத பரிசோதனை ஒன்றை 1954-இல் வெளியிட்டார்.

பின்னர் வந்தது ஒரு சண்டை. 1968-இல் பிளாக்வெல், ஷெப்பர்டு என்னும் லண்டன் அறிஞர் இருவர், லித்தியம் நோய் திரும்பாமல் தடுக்கும் என்பது மற்றொரு வைத்தியக் கட்டுக்கதையோ என்று 'லான்செட்' பத்திரிகையில் கேட்டார்கள். சகோதரர் ஒருவரே அந்த நோயால் அல்லலுற்றதைக் கண்டிருந்த ஷௌவுக்கு அது வலித்திருக்கும். ஆயினும் அவர் வாய்ச்சண்டைக்குப் போகாமல், 1970-இல் பாஸ்ட்ரப் முதலியோருடன் சேர்ந்து புதிய பரிசோதனை ஒன்றை வெளியிட்டார். லித்தியத்தைத் தொடர்ந்தவர்களில் ஒருவருக்குக்கூட நோய் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக வெற்று மாத்திரையை உட்கொண்டவர்களிலோ பாதிப்பேருக்கு மேல் நோய் திரும்பிற்று. அந்த ஆண்டே அமெரிக்க அரசாங்கமும் அம் மருந்துக்கு அனுமதி வழங்கியது. நிந்தித்து எழுதியவர்களும் ஷௌவின் வேலைகளை மேற்கோள் காட்டித்தானே நிந்திக்க வேண்டியிருந்தது! அட்டவணையில் நிந்தையும் ஒன்று, ஸ்துதியும் ஒன்று. கூட்டுத்தொகையைப் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே எண்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பழகிப்போனால் அதற்கு மேற்கோள் காட்டுவதையே விட்டுவிடுகிறார்கள். லித்தியம் எழுதிக் கொடுக்கும் வைத்தியர், இரத்தச் சோதனைச் சீட்டைக் கையில் வாங்கும் நோயாளி, சிறுநீரகமும் தைராய்டும் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதகர், இவர்கள் ஒருவரும் பண்டூரா வியாசத்தைக் குறிப்பிடுவதில்லை. இங்கே அமர்ந்திருப்பவர்களில் எவரேனும், அல்லது அவர்கள் வீட்டில் எவரேனும் அம் மருந்தினால் நிதானமாக வாழ்ந்துவரலாம். நம் சமூகத்தில் இதை வெளியே சொல்வதற்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிற நாம், இந்த மாத்திரையை மட்டும் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைக்கிறோம்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரியார்த்தமான காரணம் ஒன்று உண்டு. இளம் ஆராய்ச்சியாளர்க்கு நம் சங்கம் வழங்கும் பரிசுக்கான விண்ணப்பத் தாளில், வியாசங்களின் எண்ணிக்கையையும் மேற்கோள்களின் எண்ணிக்கையையும் எழுதும்படி இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. எண்ணுவதே என் தொழிலாக இருந்தது. அவற்றின் கீழே ஒரு பக்கம் வெறுமையாக விட்டு, விண்ணப்பதாரர் தம் வியாசங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை யார், எந்தக் காரியத்துக்காக எடுத்தாண்டார்கள், எவர் மறுத்தார்கள், மறுத்தவர்க்குத் தாம் என்ன பதில் செய்தார் என்பதைத் தமிழில் எழுதித் தரட்டும். அடுத்த ஆண்டுக்கான தாள் அச்சுக்குப் போகுமுன் செயற்குழு இதை ஆலோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்கும் வேலையை யார் செய்வது என்று செயலாளர் அவர்கள் கவலைப்பட வேண்டாம். எனக்கு இப்போது பொழுது நிறைய இருக்கிறது.