மூடாத கதவு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகத் திருவல்லிக்கேணியில் திங்கள்தோறும் கூடிவரும் இவ்வட்டத்தில் சங்க இலக்கியம் பற்றியும் காப்பியங்கள் பற்றியும் பலமுறை பேசும் வாய்ப்பைப் பெற்றிருக்கிறேன். இன்று 'தமிழும் வாழ்வும்' என்னும் தலைப்பைத் தந்து, உட்பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று விழாக் குழுவினர் உரிமையும் அளித்துள்ளனர். அவ்வுரிமையைக் கொண்டு, இலக்கிய மேடையில் அதிகம் பேசப்படாத ஒன்றைப் பேச விழைகிறேன். குழந்தையின் இதய நோய்க்காக மருத்துவமனைக் கூடத்தில் காத்திருக்கும் தாய்க்குத் தமிழ் என்ன செய்கிறது, என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

நெஞ்சு, உள்ளம், அகம், இதயம் எனச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அகப்பாடல்களில் தலைவி தன் நெஞ்சோடு வழக்காடுவாள். நெஞ்சைத் தூதாக விடுவதும் நம் மரபு. இந்நகரை அடுத்த திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார், பொருள் கிட்டாமையால் இறைவனுக்கு நெஞ்சிலேயே கோயில் எழுப்பிய வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். அவ்வூர் இருதயாலீசுவரர் திருக்கோயிலுக்கு இதய நோயுற்றோர் சென்று வழிபடுவதைத் தாங்கள் அறிவீர்கள். எனினும் இலக்கியத்தில் இச்சொற்கள் பெரும்பாலும் உணர்வின் இருப்பிடத்தைச் சுட்டுவன. மார்புக்கூட்டுக்குள் துடிக்கும் தசையைச் சுட்டுவன அல்ல. அத்தசைக்கு நெருங்கி வருவது நம் பாட்டிமார் சொல்லும் 'ஈரக்குலை' என்னும் சொல். ஈரக்குலை நடுங்கிற்று என்று அவர்கள் சொன்னால் அதில் உடலும் உண்டு, அச்சமும் உண்டு.

அச்சொல்லின் முழுப்பொருளை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் உணர்ந்தேன். என் மகளுக்கு அப்போது வயது மூன்று. அடிக்கடி நெஞ்சுச்சளி, உண்பது உடலில் ஒட்டவில்லை, மாடிப்படி ஏறினால் இரைப்பு. காய்ச்சலுக்கு மருந்து வாங்கச் சென்ற இடத்தில், எங்கள் குடும்ப மருத்துவர் மார்பில் ஒலிமானியை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவேயில்லை. "ஒரு சத்தம் கேக்குதும்மா. எக்கோ எடுத்துப் பாத்துடுவோம்" என்றார். எக்கோ எடுத்தோம். "இதயத்துல ஓட்டை மாதிரி" என்று அங்கே ஒருவர் சொன்னார். வீடு திரும்பும் வழியெல்லாம் 'ஓட்டை' என்னும் அந்த ஒரு சொல்லே என் காதில் நின்றது.

ஓட்டை என்றவுடன் தமிழ் மனத்தில் எழுவது எது? ஓட்டைக் குடம், ஓட்டை உடைசல், ஓட்டை வாய். கழித்துக் கட்ட வேண்டியவற்றுக்கு நாம் சூட்டும் அடைமொழி அது. மூன்று வயதுக் குழந்தையின் இதயத்துக்கு அதைச் சூட்டினால் பெற்றவளுக்கு என்ன நேரும்? மகளை மருத்துவமனையில் சேர்த்த நாளில் அதற்கு விடை கிடைத்தது.

பக்கத்துப் படுக்கையில் ஒரு குழந்தை. திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்திருந்தார்கள். என் மகளுக்கும் அந்தக் குழந்தைக்கும் ஒரே குறை. மறுநாள் காலை இருவருக்கும் ஒரே முறையில் சிகிச்சை. காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்தைப் பற்றி அத்தாய்க்குப் பெருங்கவலை இல்லை. ஆனால் மாலையில் ஒப்புதல் படிவம் வந்தது. நான்கு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கணவர் ஊருக்குப் போயிருந்தார். படிவத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

அதைத் தமிழில் சொல்லப் புகுந்தபோதுதான் எவ்வளவு கடினமான பணி அது என்று தெரிந்தது. ஒவ்வொரு தொடரையும் நிறுத்தி, எளிய சொல்லைத் தேடித் தேடிச் சொன்னேன். தொடையிடுக்கில் உள்ள குருதிக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி இதயத்தின் அருகே கொண்டுசெல்வார்கள், அதன் வழியே மடக்கிய சிறு கம்பிவலையை அனுப்பி, உரிய இடத்தில் விரியச் செய்து அடைப்பார்கள், மார்பைப் பிளக்கமாட்டார்கள். இவ்வளவும் கேட்டபின் அவர், "அடைக்கிற வரைக்கும் ரத்தம் உள்ள ஒழுகிக்கிட்டே இருக்குமாக்கா?" என்று கேட்டார்.

அப்போதுதான் விளங்கிற்று. இரண்டாண்டுகளாக அவர் அக்குழந்தையை ஓட விடவில்லை, அழவும் விடவில்லை. அழுதால் ஓட்டை பெரிதாகிக் குருதி கொட்டிவிடும் என்று அஞ்சி, இடுப்பைவிட்டு இறக்காமலே வளர்த்திருக்கிறார். வீட்டில் மாமியார், கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று வெளியே வந்தவள் என்று பழி சுமத்தியிருக்கிறார். அதையும் அவர் நம்பியிருந்தார்.

முந்திய வாரம் மருத்துவர் எனக்கு வரைந்து காட்டியதை அவருக்குச் சொன்னேன். இந்த அவையிலும் அதைச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இஃது ஒவ்வொருவர் உடலின் கதையுமாகும்.

கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்குரிய உயிர்வளி நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. நுரையீரலுக்கு அப்போது வேலை இல்லை. ஆகவே நுரையீரலுக்குச் செல்லும் தமனியையும், உடலுக்குச் செல்லும் பெருந்தமனியையும் இணைத்து ஒரு சிறு குழாயை இயற்கை அமைத்திருக்கிறது. நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய குருதியில் பெரும்பகுதி அதன் வழியே விலகி உடலுக்குப் போகிறது. கருவில் அதுதான் உயிர்வழி. குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது. குழாயின் வேலை முடிகிறது. நிறைமாதக் குழந்தைகளில் இரண்டு மூன்று நாள்களுக்குள் அது சுருங்கி அடைபடுகிறது. சில வாரங்களில் வெறும் நாராகிவிடுகிறது. இங்கே அமர்ந்திருக்கும் நம் அனைவரிடமும் ஒருகாலத்தில் அக்கதவு திறந்தே இருந்தது. சில குழந்தைகளிடம் அது மூடுவதில்லை. அப்போது குருதி எதிர்த்திசையில் திரும்பி நுரையீரலில் மிகுதியாகப் பாய்கிறது. இதயம் இரட்டிப்பாக உழைக்கிறது. இரைப்பும் எடை கூடாமையும் அதனால் வருவன. குருதி உடலுக்கு வெளியே ஒழுகுவதில்லை. கிரகணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கேட்டு முடித்ததும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் ஒண்ணும் பண்ணலையாக்கா?" என்றார். "நீ ஒன்றும் செய்யவில்லையம்மா" என்றேன். அதன்பின் படிவத்தில் நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.

மறுநாள் நடந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். விடியற்காலையிலிருந்து குழந்தைகளுக்குப் பால் இல்லை, பசித்து அழுதார்கள். அந்த அழுகையை அத்தாய் அன்று அச்சமின்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் மகளை என் தோளிலிருந்து செவிலியர் வாங்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் சென்றபின், ஒன்றரை மணி நேரம் நான் எதையும் எண்ணவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடையிடுக்கில் கட்டோடு அவள் வந்தாள். சில மணி நேரம் காலை மடக்கக் கூடாது என்றார்கள். மூன்று வயதுக் குழந்தையை அசையாமல் படுக்கவைப்பதே அன்று எங்கள் பெரும்பாடு. ஆறு மாதம் பல்லையும் ஈறையும் கவனித்துக்கொள்ளவும், காய்ச்சல் வந்தால் உடனே காட்டவும் சொன்னார்கள். அடுத்த முறை மருத்துவர் ஒலிமானியை வைத்தபோது அந்த ஓசை இல்லை. அடுத்த படுக்கைக் குழந்தையும் நலமாகவே ஊர் திரும்பிற்று.

எல்லா இதயக் குறைகளும் இவ்வளவு எளிதில் தீர்வன அல்ல. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு முதல் பத்துப் பேருக்கு ஏதேனும் ஓர் இதயக் குறை இருக்கிறது. சிலருக்குத் திறந்த இதய அறுவை ஒன்றுக்கு மேற்பட்டும் தேவைப்படும். பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணம் சொல்ல இயலாது. தெரிந்த காரணங்களுள் ஒன்று, கருவுற்ற தொடக்க மாதங்களில் தாய்க்கு வரும் ரூபெல்லா அம்மை. 2017-இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தபோது அச்சமூட்டும் வதந்திகள் பரவியதை நினைவுகூருங்கள். நல்ல தமிழில் விளக்கம் சென்றுசேராத இடத்தை வதந்தி நிரப்பிக்கொள்கிறது.

இச்சிகிச்சைக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. 1929-இல் வெர்னர் போர்ஸ்மன் என்னும் செருமானிய இளம் மருத்துவர் தம் கைச் சிரையின் வழியே தாமே ஒரு குழலைச் செலுத்தி இதயம்வரை கொண்டுசென்றார். 1956-இல் நோபல் பரிசு பெற்றார். 1938-இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமியின் மூடாக் குழாயை மார்பைத் திறந்து கட்டினார். 1967-இல் பெர்லினில் போர்ஸ்ட்மன் மார்பைத் திறக்காமலே குழல் வழியாக அதை அடைத்துக் காட்டினார். நம் மாநிலத்திலும் 2008-இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தமையால் ஏழைக் குழந்தைகளுக்கும் அந்த வாயில் திறந்தது. கருவி வந்துவிட்டது, பொருள் உதவியும் வந்துவிட்டது. சொல் இன்னும் வந்து சேரவில்லை என்பதே என் முறையீடு.

தமிழால் முடியாது என்பார்க்கு யாழ்ப்பாணம் விடை சொல்லும். 1847-இல் அங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தம் மாணவர்களின் துணையோடு 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அயல்நாட்டார் ஒருவர் செய்தது அது.

நம் திருவல்லிக்கேணியிலேயே ஒரு சான்று நிற்கிறது. கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை முதியோர் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்பர். ஆண் மருத்துவரிடம் தம் நோயைச் சொல்ல இயலாத பெண்கள் மருந்தின்றி மடிவதைக் கண்ட மேரி ஷார்லீப், தாமே மருத்துவம் பயின்று, அப்பெண்களுக்காக 1885-இல் தொடங்கிய மருத்துவமனை அது. நோயைச் சொல்லவும் கேட்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் தோற்றக் காரணம். இடம் கிடைத்தது, இனி மொழி கிடைக்க வேண்டும்.

ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு அண்மை எடுத்துக்காட்டும் உண்டு. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் பதினைந்து வயது மாணவன் விபத்தில் சிக்கி மூளைச்சாவுற்றான். மருத்துவர்களான அவன் பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தானம் செய்தனர். காவல்துறை வழியமைத்துத் தர, பதினோரு நிமிடங்களில் அவன் இதயம் முகப்பேருக்குச் சென்று ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அந்நாள்களில் நாளேடுகள் வழியே 'மூளைச்சாவு' என்னும் சொல் ஊரெங்கும் பரவியது. இன்று உழவரும் கூலித்தொழிலாளரும் அச்சொல்லைப் புரிந்துகொண்டு, தாங்கொணாத் துயரத்திடையிலும் முடிவெடுக்கிறார்கள். இதயம் துடிக்கும்போதே உயிர் நீங்கியதை அவர்க்கு விளக்கியது இரு தமிழ்ச்சொற்களின் சேர்க்கை.

கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபட்ட அறிஞர்கள் இந்த அவையில் உள்ளனர். அவர்களிடம் உரிமையோடு ஒன்று கூறுவேன். எந்தச் சொல்லையும் அகராதியில் ஏற்றுமுன் மருத்துவமனைக் கூடத்தில் காத்திருக்கும் ஒரு தாயிடம் சொல்லிப் பாருங்கள். அடைக்கும் கருவியைச் செவிலியர் 'பட்டன்' என்றும் 'குடை' என்றும் சொல்கிறார்கள். 'பட்டன்' அயற்சொல்தான், ஆயினும் பயனைத் தெளிவாகக் காட்டுகிறது. நம் புதுச்சொல் அதைவிட நன்றாக விளங்கினால் அது நிலைக்கட்டும். விளங்காவிடில் பட்டனே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் 'ஓட்டை' போக வேண்டும். என் மகளுக்கும் அக்குழந்தைக்கும் இருந்த இக்குறையை 'மூடாத குழாய்' எனலாம், 'மூடாத கதவு' எனலாம். அறைச்சுவரில் உள்ள குறைக்கு 'இடைவெளி' எனலாம். இவை பழி சுமத்தாத சொற்கள்.

2008-இல் சமீரா கோலி வழக்கில், நோயாளி தெளிந்து முடிவெடுக்கப் போதுமான விவரம் தரப்பட்ட பின் பெறுவதே ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. புரியாத மொழியில் பெற்ற கையெழுத்து அவ்வகையில் சேருமா என்று எண்ணிப்பாருங்கள்.

பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் ஒரு பணியை மேற்கொள்ள வேண்டும் என வேண்டுகிறேன். மருத்துவர் இருவர், செவிலியர் இருவர், தமிழாசிரியர் இருவர், பிள்ளையைச் சிகிச்சைக்குக் கொண்டுசென்ற தாய்மார் சிலர் கூடி அமரட்டும். குழந்தைகளின் இதயக் குறைகள் ஐந்தாறு பற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் படத்தோடு எளிய தமிழில் எழுதட்டும். ஒப்புதல் படிவம் ஒன்றின் தமிழ் வடிவத்தையும் அமைக்கட்டும். வட்டத்தில் ஒருவர் படிக்க, எழுத்தறியாத் தாய் ஒருத்தி கேட்டுத் தன் சொற்களில் திரும்பச் சொல்லட்டும். அவள் சரியாகச் சொல்லிவிட்டால் அச்சுக்கு அனுப்பலாம். அச்சுச் செலவில் என் ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே உறுதி கூறுகிறேன்.