நம் ஊர்களில் தங்கும் இறுதியாண்டு மாணவர்கள்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே என் உத்தியோகத்தின் வழக்கம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கிவைத்து, ஆண்டுதோறும் நம் ஊர்களில் சில வாரங்கள் தங்கிச் செல்லும் வேளாண் கல்லூரி மாணவ மாணவியரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர்கள் நமக்குச் சொல்லித் தருவதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். அவர்கள் எத்தகைய மனநிலையில் நம்மிடம் வருகிறார்கள் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

இளநிலை வேளாண்மைப் பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள் கொண்டது. அதன் கடைசி ஆண்டில், கிராமத் தங்கல் பயிற்சி என்று நாம் வழங்கும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின் கீழ் மாணவர்கள் கிராமங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய ‘ஸ்டூடன்ட் ரெடி’ திட்டத்தில் இதுவும் ஓர் அங்கமாயிற்று. கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைக் கல்லூரி சாமானியமானதன்று. 1868-இல் சைதாப்பேட்டையில் தோன்றிய கல்விப் பணி 1906-இல் கோவைக்கு மாறி, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இத்தனை ஆய்வுக்கூடங்களும் நூலகங்களும் உடைய அந்தக் கல்வி, தன் கடைசிப் பாடத்தில் ஒரு பகுதியை நம் வரப்புகளிடம் ஒப்படைத்திருக்கிறது. அப்பாடத்திற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆகவே, நாமும் ஒருவகையில் ஆசிரியர்களே.

இருபத்தொரு வயதுப் பிள்ளை ஒருவன் நம் ஊரில் கழிக்கும் நாளைச் சற்று நினைத்துப் பாருங்கள். விடியுமுன் வயலுக்குப் போகிறான். பகலில் வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டுகிறான். மாலையில் பள்ளிக்கூட வாசலில் கோலப்பொடியால் ஊரின் படத்தை வரைந்து, குளம் எது, வாய்க்கால் எது, எந்தத் தெருவுக்குக் குடிநீர் கடைசியாக வருகிறது என்பதை ஊராரைக் கொண்டே குறிக்கச் செய்கிறான். இரவில் அன்றைய குறிப்புகளைப் பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் மணி பத்தாகிவிடுகிறது. (இந்தப் பதிவேடுகளைக் குறைத்தால் பயிரைப் பார்க்கக் கூடுதல் நேரம் கிடைக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஓர் அரசாங்க உத்தியோகஸ்தன் இதைச் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம்.) அதற்குப் பின்னர்தான் அவன் தன் எதிர்காலத்திற்கான புத்தகத்தைப் பிரிக்கிறான். முதுநிலைப் படிப்புக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வு ஒருபுறம். வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு ஒருபுறம். அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வேளாண்மை அலுவலர் தேர்வு இன்னொருபுறம். எதற்குப் படிப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதற்குள்ளேயே பாதி ஆண்டு கழிந்துவிடுகிறது. கல்விக் கடன் பெற்றவர்களுக்கோ, படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும் என்ற கவலையும் உண்டு. இவர்களில் பலர் நம்மைப் போன்ற குடும்பங்களிலிருந்து முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். வீட்டார் வாய்விட்டு ஒன்றும் கேட்பதில்லை. ஆனால், பிள்ளையின் முதல் சம்பளத்தை எண்ணியே சில காரியங்களைத் தள்ளிப் போட்டிருப்பார்கள்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊரில் கைப்பேசிக்கு அலைத்தொடர்பு ஒழுங்காகக் கிடைக்கும் இடம் கோவில் குளத்துப் படித்துறை ஒன்றே. தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில், இரவு நேரத்தில் ஐந்து மாணவியர் அங்கே கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மௌனமாக நின்றார்கள். ஏதோ விசேஷ பூஜை என்றெண்ணி, ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றாராம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் கைதட்டினார்கள். அவரும் சேர்ந்து கைதட்டினார்.

இத்தகைய சந்தோஷங்களும் அந்த ஆண்டுக்கே உரியவை. நான்காண்டுகள் ஒரே விடுதியில் இருந்தும், அவர்கள் ஒன்றாகச் சமைத்து உண்பது நம் ஊரில்தான். குழைந்த சோற்றுக்கு யார் காரணம் என்ற வழக்கு பல நாள் நடக்கும். நாற்று நடவுக்குச் செல்லும் நம் பெண்கள் அவர்கள் விரலைப் பிடித்து நடக் கற்பிக்கிறார்கள். கோணலாகப் போன வரிசையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இன்னும் சில மாதங்களில் திசைக்கொருவராகப் பிரியப் போகிறோம் என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியும். மாலைத் தேநீருக்கும் வடைக்கும் அவ்வளவு ருசி வருவது அதனால்தான் போலும்.

ஒரு மாணவியின் அனுபவத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். புரட்டாசிப் பட்டத்தில் ஒரு விவசாயி தம் நிலத்தில் பத்து சென்ட் இடத்தை அவளுக்கு ஒதுக்கினார். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் கலந்த உளுந்தை ஒரு பாதியிலும், நேர்த்தி செய்யாத உளுந்தை மறுபாதியிலும் அவள் விதைத்தாள். முளைப்பைத் தினமும் எண்ணிக் குறித்து வந்தாள். ஒன்பதாம் நாள் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. தண்ணீர் தேங்கி, இரு பாதியும் அழுகிப் போயின. காட்டுவதற்கு விளைவு இல்லை. மீண்டும் விதைக்க நாளும் இல்லை. மதிப்பெண் போயிற்று என்று வரப்பில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தவளிடம் விவசாயி வந்தார்.

“தண்ணி நின்னா உளுந்து தாங்காது தாயி. அதையும் எழுது. தண்ணி ஏன் நின்னுதுன்னு பார்த்து அதையும் எழுது” என்றார்.

இருவரும் நீர் போகும் வழியைத் தொடர்ந்து நடந்தார்கள். சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப்பாலம் முக்கால்வாசி தூர்ந்து கிடந்தது. அவள் கோலப்பொடியில் வரைந்த ஊர்ப் படத்தில் அவ்விடம் புதிதாக ஒரு குறியைப் பெற்றது. அப்படத்தை அவள் பஞ்சாயத்துக் கூட்டத்தில் வைத்தாள். அடுத்த மாதம் தூர் அகற்றப்பட்டது. விளைவில்லாத அந்தச் சோதனையை அவளுடைய பேராசிரியர் அப்படியே ஏற்றுக்கொண்டார் என்று பின்னர் அறிந்தேன். பயிற்சி முடிந்த பிறகும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, அந்தக் குழாயில் நீர் ஓடுவதை அவள் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி, உங்களிடம் சில வேண்டுகோள்கள். கூட்டத்திற்கு ஆறு மணி என்று சொன்னால் ஆறு மணிக்கே வாருங்கள். நாம் எட்டு மணிக்கு வந்தால், இழப்பது அவர்களுடைய படிப்பு நேரம். நிலத்தின் அளவையும் கடனையும் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். வரி போடுவதற்காக அவர்கள் கேட்கவில்லை. மாணவியர் தங்கும் இடத்தில் தாழ்ப்பாள் உள்ள கதவும், தண்ணீர் வரும் கழிப்பறையும் கட்டாயம் இருக்க வேண்டும். இதில் எந்தச் சமாதானத்தையும் நான் ஏற்பதற்கில்லை. விழாக்களில் நாற்காலி போடவும் மாலை எடுத்துக் கொடுக்கவும் அவர்களை அழைக்காதீர்கள். ‘இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?’ என்று ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கேட்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அவர்கள் அதை இரவெல்லாம் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறவர்கள்.

இவர்களில் சிலர் நாளை வேளாண்மை அலுவலராகவோ வங்கி அலுவலராகவோ நம் முன் உட்காரக்கூடும். அப்போது ஒரு சிறு விவசாயியின் மனுவை அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது, நம் திண்ணையில் அவர்கள் கேட்டறிந்ததையும் பொறுத்தது.

அடுத்த குழுவைப் பற்றிக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தவுடன் உங்கள் அனைவருக்கும் தெரிவிப்பேன். அறை தர இயலுகிற ஊர்களும், பத்து சென்ட் நிலம் ஒதுக்க இசைகிற விவசாயிகளும் இன்று மாலைக்குள் என் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டால், இடம் தேடி அலையும் சிரமம் அப்பிள்ளைகளுக்கு இராது.