அடைக்கல அன்னையின் சந்நிதி

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கமாக அமைந்த ஏலாக்குறிச்சியில், 1680-இல் இத்தாலியில் பிறந்து தமிழுக்கே தம்மை ஒப்புக்கொடுத்த வீரமாமுனிவர், அடைக்கல அன்னைக்கு ஆலயம் எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் போற்றிக் கலம்பகமும் பாடினார். ராஜபிளவை என்னும் கொடிய கட்டி கண்டு வேதனையுற்ற அரியலூர்க் குறுநில மன்னர் மழவராயரை (அந்நோய் கண்டவருக்கு நித்திரை ஏது!), முனிவர் அன்னையைப் பிரார்த்தித்து, அவ்விடத்துச் சேற்றைப் பூசிக் குணப்படுத்தினார் என்பது தலைமுறைகளாக வழங்கிவரும் ஐதீகம்.

கடன், வியாதி, பிள்ளைகளைப் பற்றிய விசாரம் என்று சஞ்சலம் மிகுந்த இரவுகளில், அந்த அன்னையை வேண்டும் செபமாலையின் 53 சிறுமணிகளை விரல் ஒவ்வொன்றாய்த் தள்ள, உதடு ‘அருள் நிறைந்த மரியே’ என்று முணுமுணுக்க, அலைந்த நெஞ்சு அந்தச் சீரான ஒலியைப் பற்றிக்கொண்டு மெல்லச் சாந்தியடைகிறது. இன்றிரவு உறக்கம் வராதவர்கள், மாலையின் சிலுவையைக் கையில் பிடித்தபடி, படுக்கையிலேயே தொடங்கலாம்.