பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்
(மஹல்லா பெண்கள் சுகாதாரக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



கன்னம் வீங்கிய நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ராத்திரி முழுக்க அழுகை. "பால்பல்தானே டாக்டரம்மா, விழத்தானே போகுதுன்னு விட்டுட்டோம்" என்கிறார்கள். கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை இருக்க வேண்டிய பல். அதுவரை அந்தப் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்?

பல்லில் பூச்சி என்கிறோம். பூச்சி எதுவும் இல்லை. வாயில் உள்ள கிருமிகள் நாம் தின்னும் இனிப்பை அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கரைத்து எடுக்கிறது. உமிழ்நீர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. தினமும் நடக்கிற இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஃப்ளோரைடு நம் பக்கம் நிற்கிறது: திரும்பச் சேருவது வேகமாகிறது, அப்படிச் சேர்ந்த பகுதி அடுத்த அமிலத்துக்கு எளிதில் கரைவதில்லை. பல்லில் வெள்ளைத் திட்டாக இருக்கும்போதே இது பலிக்கும். குழி விழுந்த பிறகு ஃப்ளோரைடு அதை அடைக்காது. டாக்டரிடம்தான் வர வேண்டும்.

பேஸ்ட் வாங்கும்போது அட்டையில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் நிறைய வேண்டாம். துலக்கியதும் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் போய்விடும். தூங்கும்போது உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கல்தான் முக்கியம். இஷாவுக்கு ஒளு செய்து தொழுத பிறகு துலக்குங்கள். முன்பே துலக்கினால் ஒளுவில் கொப்பளிக்கும்போது கழுவிப் போய்விடும்.

மிஸ்வாக் செய்கிறோமே என்று கேட்கிறீர்கள். அவசியம் செய்யுங்கள். சுன்னத், பல்லும் சுத்தமாகும். அதோடு ஃப்ளோரைடு பேஸ்ட்டும் இருக்கட்டும்.

ஃப்ளோரைடு விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறை படியும், அளவு மிகவும் கூடினால் எலும்பும் பாதிக்கும். அந்த நீரைக் கொதிக்க வைத்தும் பயனில்லை. நீர் வற்றும், ஃப்ளோரைடு வற்றாது. அது வருடக்கணக்கில் விழுங்குவது. நாம் பேசுவது துப்புகிற பேஸ்ட். பிள்ளை விழுங்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்தப் பக்கத்து உறவினர் இருந்தால், கிணற்று நீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

ரமலானில் இஃப்தார் முதல் ஸஹர் வரை ரோஸ்மில்க், சர்பத், பேரீச்சம்பழம் என்று வாய் ஓய்வதில்லை. தராவீஹ் முடிந்து, தின்பதெல்லாம் முடித்து, படுக்கும் முன் துலக்கித் துப்பிவிட்டு அப்படியே படுங்கள். ஸஹருக்குப் பின் துலக்கும்போது மட்டும் பாங்குக்கு முன்பே நன்றாகக் கொப்பளித்துவிடுங்கள். நோன்பு நேரத்தில் பேஸ்ட் பயன்படுத்துவது பற்றிய சட்டத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.